பத்தாவது ஆள்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வாழ்ந்த தமிழன் பொறாமைப்பட விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. பிக்கரிங்கில் புது வீடு வாங்கியவனைப் பார்த்து டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் இருக்கிறவன் எரிவான். பிறம்ரனில் ட்ரக் ஓட்டுகிறவனைப் பார்த்து, அதே ட்ரக்கில் பெட்டி ஏற்றுகிறவன் எரிவான். ஓவர்ரைம் கிடைத்தவனைப் பார்த்து எல்லோருமே எரிவோம். நானும் என் பங்குக்கு இதிலெல்லாம் எரிந்திருக்கிறேன். ஆனால் என் நெஞ்சை உண்மையாக அரித்த பொறாமை வேறு. பாதர்ஸ்ட் வீதியில் ஒரு சின்ன யூத செபக்கூடத்துக்குக் காலையும் பின்னேரமும் வந்துபோன கிழவர்கள் மேல் வந்த பொறாமை அது.

அங்கே நான் கிளீனிங் வேலை செய்தேன். நிலம் துடைப்பது, கம்பளத்துக்கு வாக்கியூம் போடுவது, கோப்பி போட்டு வைப்பது, மாரியில் வாசலில் ஸ்நோ வழித்து உப்புக் கொட்டுவது. முந்தி அந்தச் செபக்கூடம் நிறையச் சனத்தோடு இருந்ததாம். பிள்ளைகள் வளர்ந்து பெரிய வீடுகள் வாங்கி வடக்கே போய்விட்டார்கள். நடக்க ஏலுமான தூரத்தில் மிஞ்சியவர்கள் கிழவர்கள்தான். அவர்களும் வருத்தம், ஆஸ்பத்திரி, மகளின் வீடு என்று ஆளுக்கொரு நாள் வராமல் விடுவார்கள்.

நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக் கத்தோலிக்கன். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில், இஸ்ராயேல் மக்கள் கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று சிஸ்டர் பாடமாக்க வைத்தார். அடுத்த வகுப்பில், இப்போது நாங்கள்தான் புதிய இஸ்ராயேல் என்றார். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. பழைய ஆட்கள் எப்போதோ இடத்தைக் காலி செய்துவிட்டார்கள், இப்போது அது எங்கள் பெயரில் இருக்கிறது என்றுதான் விளங்கிக்கொண்டேன். ரொறன்ரோவுக்கு வந்து பார்த்தால் பழைய ஆட்கள் எங்கேயும் போகவில்லை. ஹீற்றர் காணாது, கோப்பி தண்ணியாக இருக்கிறது என்று என்னிடமே குறை சொல்லிக்கொண்டு இருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். பொதுச் செபத்தை நடத்த வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் வாசலைப் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு காரியத்துக்கு ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரன் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கையைக் கழுவி, வாசல் பெட்டியில் கிடந்த சின்னத் தொப்பியைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நின்றேன்.

செபத்தை முன்னின்று நடத்துகிறவர் போலந்தில் பிறந்தவர். முந்தி ஸ்பெடைனா வீதிப் பக்கம் கோட் தைக்கும் கடை வைத்திருந்தவர். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். அவர் ஆட்களை எண்ணத் தொடங்கினார். அவர்களின் வழக்கத்தில் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது. ஆடு மாடு எண்ணுகிற மாதிரி மனிதரை எண்ணுவது சரியில்லையாம். அதனால் சங்கீதத்தில் இருந்து ஒரு வசனத்தைச் சொல்வார்கள். கடவுளே, உமது மக்களைக் காப்பாற்றும் என்று தொடங்குகிற வசனம். எபிரேயத்தில் அதற்குப் பத்துச் சொல். ஒரு தலைக்கு ஒரு சொல். பெரியவரின் விரல் ஒவ்வொரு சொல்லோடும் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு வந்தது. பின்வரிசைக்கு வந்தது. என்னைத் தாண்டி, எனக்கு அங்கால் நின்றவரிடம் போனது. கடைசிச் சொல் பெரியவரின் வாயிலேயே நின்றுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் கிட்ட வந்து என் தோளைத் தட்டினார். நாங்கள் இருவரும் பேசியது ஆளுக்கொரு உடைந்த ஆங்கிலம். இங்கே அவரை யாழ்ப்பாணத் தமிழில் பேச விடுகிறேன், அவர் கோபிக்கமாட்டார்.

“உமக்கு நல்ல மனசு, தம்பி. ஆனா உம்மைச் சேக்கேலாது.”

வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். காது சுட்டது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் றோட்டுக்குப் போய், பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். காதில் தோடு, கையில் கோப்பி, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அவனை வைத்துச் செபம் தொடங்கியது. அவனுடைய அம்மா யூதப் பெண் என்பது மட்டும்தான் அவனிடம் இருந்த தகுதி. எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்குக் கக்கூஸை இரண்டு தரம் கழுவினேன்.

அதிலிருந்து நான் அவர்களை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவுக் காவல் வேலையில் இருந்து நேரே வருகிறவரை, மூட்டுவலியோடு தடி ஊன்றி வருகிறவரை, பெண்டாட்டியோடு சண்டைபிடித்துவிட்டு வருகிறவரை. வராவிட்டால் போன் அடிக்கும். “நீ வராட்டி நாங்கள் ஒன்பது பேர்” என்பார்கள். அவ்வளவுதான், ஆள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிடும். அந்த ஊரில் எனக்கு யாராவது அப்படிப் போன் எடுத்திருக்கிறார்களா? எடுத்தார்கள், சீட்டுக் காசு கட்டச் சொல்லி.

ஒரு நாள் பெரியவரிடம் கேட்டே விட்டேன். “கடவுள் உங்களை மட்டும் ஏன் தெரிஞ்செடுத்தவர்?”

அவர் கோப்பிக்குள் சீனியைப் போட்டுக் கலக்கிக்கொண்டு சிரித்தார். “நீர் அதைப் பரிசு எண்டு நினைக்கிறீர். அது வேலை, தம்பி. உங்களிட்டக் கடவுள் கொஞ்சம்தான் கேக்கிறார். கொல்லாதே, களவெடுக்காதே, அப்பிடி ஒரு சிலது. எங்களிட்டக் கேக்கிறது நூற்றுக்கணக்கில. என்ன தின்னுறது, எப்ப விளக்குக் கொளுத்திறது, எந்த நூலில உடுப்பு நெய்யிறது, எல்லாம். நாங்கள் உங்களைவிட உசத்தி எண்டு அதுக்குக் கருத்தில்லை. கூட வேலை தந்திருக்கு, அவ்வளவுதான்.”

அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்தார். கூட வேலை கிடைத்தவனைப் பார்த்துத்தானே நாங்கள் எரிவது! முதலாளி ஒருவனை மட்டும் கூப்பிட்டு, நீ நின்று செய் என்றால் அவன் களைத்துப் போகிறான் என்று யார் பரிதாபப்படுவார்கள்? அவனைத்தான் முதலாளிக்குப் பிடித்திருக்கிறது என்று மற்ற எல்லாருக்கும் விளங்கும்.

அவர்களின் செபங்களில் ஒன்றுக்குத்தான் நான் அதிகம் எரிந்தேன். செத்தவருக்காக மிச்சம் இருக்கிறவர் எழுந்து நின்று சொல்லும் செபம். கடிஷ் என்பார்கள். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான் என்று பெரியவர் சொன்னார். அது அரமாயிக் மொழி. இயேசு வீட்டில் பேசிய மொழி. அதுகூட எங்களிடம் இல்லை, அவர்களிடம் இருந்தது. அந்தச் செபத்தைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் இருந்தால்தான் சொல்லலாம். துக்கத்தில் இருக்கிறவனைத் தனியே விடக்கூடாது என்று கட்டளை போட்டு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறார் கடவுள்.

எனக்கு ஒரு தம்பி. ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி அவனைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எந்த முகாமிலும் அவன் பெயர் இல்லை என்றார்கள். அம்மா அவனுக்காக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தா. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. ஒரு தரம் போனில், அவனுக்கு ஒரு ஆத்துமப் பூசை கொடுப்போமா என்று வாய் தடுமாறிக் கேட்டுவிட்டேன்.

“உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆத்துமப் பூசையோ? நீ என்ன, அவன் சாகவேணும் எண்டு நிக்கிறியோ?” அம்மா போனை வைத்துவிட்டா.

எங்கள் வீட்டுச் சுவரில் அவனுடைய படம் இருந்தது. மாலை போடவில்லை, பக்கத்தில் திரியும் வைக்கவில்லை. போடவும் பயம், படத்தைக் கழற்றவும் பயம். டோர்செட் பார்க்கில் யாராவது வீட்டில் செத்தவரின் முப்பத்தோராம் நாள் என்றால் நானும் மனிசியும் பஸ் பிடித்துப் போவோம். பெரிதாக்கிய படம், மாலை, திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாடு பரிமாறும் சொந்தக்காரர். செத்த வீட்டில் போய்ப் பொறாமைப்படுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சோற்றைக் குழைத்துக்கொண்டு படத்தையே பார்ப்பேன். மனிசி முழங்கையால் இடிப்பாள்.

பெரியவருக்கு வருடத்தில் ஒரு நாள் இருந்தது. அப்பா, அம்மா, தங்கச்சி, மாமாக்கள், அவர்களின் பிள்ளைகள், எல்லோரையும் இரண்டாம் உலக யுத்தத்தில் நாசிகள் ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்த ஒரு நாளில்தான் அவர்கள் எல்லோருக்கும் கடிஷ் சொல்வார். அவர்களுக்கு ஒரு நாள் என்பது முதல்நாள் பொழுதுபடத் தொடங்கி அடுத்தநாள் பொழுதுபட முடியும். அந்த வருடம் முதல்நாள் பின்னேரமே பனிப்புயல் தொடங்கிவிட்டது. பின்னேரமும் ஆள் சேரவில்லை, காலையும் சேரவில்லை. மிச்சம் இருந்தது அன்றைய பின்னேரச் செபம் மட்டும். பொழுதுபட்டால் அடுத்த வருடம்தான். அவருக்கோ இருதய வருத்தம்.

நான் வாசலில் ஸ்நோ வழிக்க வழிக்க மூடிக்கொண்டே வந்தது. பஸ் நின்றுவிட்டது. இருந்தும் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் காலில் பிளாஸ்ரிக் பையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்தாவது ஆளுக்கு எல்லா இடமும் போன் அடித்தார்கள். வடக்கே இருந்த மகன்மார் காரை வெளியில் எடுக்க முடியாது என்றார்கள். பெரியவர் ஜன்னல் பக்கம் போய் நின்று வெளிச்சம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒருவனைத் தெரியும். இரண்டு தெரு தள்ளி இருந்த என்னுடைய பில்டிங்கில், எனக்கு இரண்டு மாடி கீழே, ரஷ்யாவில் இருந்து வந்த ஒருவன் இருந்தான். குழாய் திருத்துகிற வேலை. லோன்ட்ரி அறையில் பாணும் பன்றிச் சொசேஜும் சாப்பிட்டுக்கொண்டு உடுப்புத் தோய்ப்பான். தான் யூதன் என்று ஒரு நாள் சொன்னான், தனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று சொல்வதுபோல. மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு ஓடினேன். போகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது. எனக்குக் கிடைக்காத இடத்துக்கு நானே போய் ஆள் கூப்பிட வேண்டும்!

அவன் பனியனோடு ரீவி பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“நான் கடவுளை நம்பிறேல்லை.”

“நம்பத் தேவையில்லையாம்.”

“ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது.”

“தெரியத் தேவையில்லை. நிண்டாக் காணும்.”

“இப்பதான் பன்றி சாப்பிட்டனான்.”

“வாயைக் கொப்புளிச்சுக்கொண்டு வா!” எனக்கு அடக்க முடியவில்லை. “நான் அந்த இடத்தை ஒவ்வொரு நாளும் துடைச்சுக் கழுவுறன். ஒரு செபம் விடாமல் நிக்கிறன். என்னைச் சேக்கேலாதாம். உனக்கு ஒரு மண்ணும் தெரியாது, உன்னைத்தான் வேணுமாம். கெதியா எழும்பு!”

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். “உனக்கு அவ்வளவு விருப்பமெண்டா நீயே எடு. எங்கட நாட்டில பாஸ்போர்ட்டிலயே யூதன் எண்டு எழுதியிருக்கும். படிக்க இடம் கேட்டன், அதைப் பாத்தாங்கள். வேலை கேட்டன், அதைப் பாத்தாங்கள். என்னைக் கடவுள் தெரிஞ்செடுத்தாரோ தெரியாது. அவங்கள் தெரிஞ்செடுத்தாங்கள்.”

அப்படிச் சொல்லிக்கொண்டேதான் சப்பாத்தைப் போட்டான். முழங்கால் ஸ்நோவுக்குள் நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான். “கிழவன்ர ஆக்கள் எங்க செத்தவை?”

“போலந்தில.”

அதற்குப் பிறகு அவன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான்.

பெரியவர் வசனத்தைச் சொல்லி எண்ணினார். கடைசிச் சொல் ரஷ்யாக்காரனின் ஈரத் தலையில் போய் நின்றது. யாரோ ஒருவர் அவன் தலையில் தொப்பியை வைத்துவிட்டார். நான் வெளியே நடைவழியில் நின்று, அவர்களின் சப்பாத்துகளில் இருந்து உருகிய தண்ணியைத் துடைத்தேன். பெரியவரின் குரல் கேட்டது. நடுவில் எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். நானும் மெல்லச் சொன்னேன். கணக்கில் சேராத ஆமென்.

செபம் முடிந்ததும் ரஷ்யாக்காரனைச் சூழ்ந்துகொண்டார்கள். கேக் வெட்டினார்கள், சின்னக் கிளாசில் விஸ்கி ஊற்றினார்கள், அம்மாவின் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டுக் கட்டிப்பிடித்தார்கள். அவன் அழுதுகொண்டு நின்றான். எனக்கும் ஒரு துண்டு கேக் வந்தது. நன்றி சொன்னார்கள், உண்மையாகவே சொன்னார்கள். நான் கேக்கை மேசையில் வைத்துவிட்டுத் தட்டுகளைப் பொறுக்கினேன்.

எல்லோரும் போன பிறகும் பெரியவர் கதிரையில் இருந்தார். நான் மேசையைத் துடைத்தேன்.

“ஏன் தம்பி முகம் சரியில்லை?”

“எனக்கு உங்களில பொறாமை” என்றேன். சொல்லிவிட்டால் போகும் என்று நினைத்தேன். “உங்களைத் தெரிஞ்செடுத்திருக்கு. செத்தாலும் பத்துப் பேர் வருகினம்.”

அவர் கோபிக்கவில்லை. “நான் முகாமில இருந்து வந்தாப்போல எல்லாச் சனமும் எனக்குச் சொன்னது, கடவுள் உன்னைத் தெரிஞ்செடுத்துக் காப்பாத்தினவர் எண்டு. என்ர தங்கச்சி என்னிலும் நல்ல பிள்ளை. அவளை விட்டிட்டு என்னை ஏன் எடுத்தவர்? அந்தக் கதையை எனக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. அவை செத்த நாளும் எனக்குத் தெரியாது. நாள் தெரியாட்டி நீயே ஒண்டைத் தெரிஞ்செடு எண்டு எங்கட சட்டம் சொல்லுது. கடைசியா அவையைக் கண்ட நாளை நான் எடுத்தன்.”

அப்போதுதான் நான் யாருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். தம்பியும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். பள்ளிக்கூட மைதானம். ஊர் ஆம்பிளைகள் எல்லோரையும் ஒவ்வொருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் இருந்தான், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சொல்வோம். அவன் தலையை ஆட்டினால் ஆமி ஆளை ஒருபக்கம் இழுக்கும். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நான் நடந்தேன், அது ஆடவில்லை. எனக்குப் பின்னால் தம்பி நடந்தான்.

பெரியவர் என் கையைப் பிடித்தார். அவர் கை என் கையைவிடக் குளிராக இருந்தது.

“அப்ப உமக்கும் நாள் தெரியும்தானே” என்றார். “அந்த நாளை எடும். உங்கட கோயிலில அவனுக்குச் செபம் சொல்லும். உமக்கு ஆள் வேணுமெண்டா நான் வந்து பின்னுக்கு நிக்கிறன்.”

அவர் எனக்குத் தந்தது பெரிய காரியம் என்று தெரிந்தது. தெரிந்தும் எனக்கு அவரில் இருந்த பொறாமை அந்த நிமிடம் கரைகடந்து போனது.

“உங்கட ஆக்கள் செத்திட்டினம் எண்டு உங்களுக்குத் தெரியும்” என்றேன். “அவையைக் கொன்றவங்களே எழுதி வைச்சிருக்கிறாங்கள். என்ர தம்பி செத்திட்டான் எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. நான் ஒரு நாளை எடுத்தனெண்டா, அதை முதல் சொல்லுறவன் நான். சாக்குக்குள்ள இருந்தவன் ஒருக்கா ஆட்டினான். ரெண்டாந்தரம் ஆட்டிறது நானோ?”

பெரியவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அவருடைய கோட்டை எடுத்து மாட்டிவிட்டு, வீடுவரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா போய்ச் சேர்ந்து இப்போது கனகாலம். என்னை மறிக்க ஒருவரும் இல்லை. ஆத்துமப் பூசை கேட்டுக் கோயிலுக்குப் போவேன். பாதர் எந்த நாள் வேண்டும் என்று கேட்டால் போதும், நான் திரும்பி வந்துவிடுவேன். பெரியவரும் இல்லை. அவரிடம் இருந்த மற்ற எல்லாவற்றிலும் எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது. அவர் தானே தெரிந்தெடுத்த அந்த ஒரு நாளில் மட்டும் இன்னும் தீரவில்லை.